முரட்டு டயர் பனியில் நிற்குமா?

ஜீப் ராங்லர் ரூபிகான் போன்ற வண்டியின் டயர் தேய்ந்து மொட்டையானதும், வேறு டயர் வாங்கப் போகிறவரின் கண் முதலில் போவது பெரிய பெரிய பட்டன்களும் அகலமான பள்ளங்களும் கொண்ட ‘மட் டெரெய்ன்’ டயரின் மேல்தான். அதில் வியப்பில்லை. ஜேகே தலைமுறை ரூபிகானைத் தயாரித்தவர்களே அப்படிப்பட்ட டயரை மாட்டித்தான் விற்றார்கள். பாறையும் சேறுமான தடத்துக்கு அது பொருத்தம்கூட. ஆனால் அதே வண்டி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரைக் கடக்கும் ஐ-70 நெடுஞ்சாலையில் ஜனவரி மாதம் ஓட வேண்டுமென்றால் கணக்கு மாறிவிடுகிறது. டென்வரிலிருந்து பனிச்சறுக்கு ஊர்களுக்குப் போகிறவர்கள் 11,000 அடிக்கும் மேலே உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரை ஏறி, மறுபக்கம் இறங்குகிறார்கள். அங்கே சக்கரத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் புதுப்பனி அல்ல. வரிசையாகப் போன வண்டிகள் மிதித்து இறுக்கிய பனி, வெயில் படாத வளைவுகளில் வழுக்கும் ஐஸ். இந்தத் தரையில் ஒரு டயரை எடைபோட வேண்டியது அது வண்டியை எவ்வளவு நன்றாக நகர்த்துகிறது என்பதை வைத்து அல்ல, எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறது என்பதை வைத்து. அப்படிப் பார்த்தால் முரட்டு டயர் தோற்றுப்போகிறது.

காரணம் ரப்பரில் இருக்கிறது. சாதாரண டயர் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மெல்ல மெல்ல இறுகத் தொடங்குகிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவது கண்ணுக்குத் தெரிகிறது. ரப்பர் இறுகுவது தெரிவதில்லை. இறுகிய ரப்பர் சாலையின் மேடுபள்ளத்தில் படிந்து உட்காராது. பனிக்கால டயரின் கலவையே வேறு. மைனஸ் 15 டிகிரியிலும் அது நெகிழ்ந்து கொடுக்கும். அடுத்தது கீறல்கள். நல்ல பனி டயரின் ஒரு பட்டனை அருகில் வைத்துப் பாருங்கள்: அதன் மேல் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வளைவுக் கோடுகள் நெருக்கமாக ஓடும். டயர் உருளும்போது ஒவ்வொரு கோடும் லேசாக வாய் திறந்து, தன் விளிம்பால் பனியைக் கவ்வுகிறது. உள்ளே புகுந்த பனியும் வீணாவதில்லை; பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால் அதுவும் பிடிப்பைக் கூட்டுகிறது. மட் டெரெய்ன் டயரிலோ பட்டன்கள் பெரிது, விளிம்புகள் குறைவு. தரையைத் தொடும் ரப்பரும் குறைவு. சேற்றைத் தோண்டி வெளியே எறிவதற்காகச் செய்த வடிவம் இறுகிய ஐஸில் தோண்ட எதுவும் கிடைக்காமல் சறுக்குகிறது.

கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? டயரின் பக்கவாட்டில் ‘எம் பிளஸ் எஸ்’, அதாவது சேறும் பனியும், என்ற எழுத்து இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பள்ளங்களின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே பொறித்துக்கொள்ளும் குறி அது. அதற்காகப் பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேட வேண்டியது, மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த முத்திரை. 1999-இல் வட அமெரிக்காவில் வந்த இந்த முத்திரையைப் பெற, இறுகிய பனியில் ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் பிடிப்பைக் காட்ட வேண்டும். ஆனால் அங்கே வழக்கமான சோதனை வண்டியை முன்னே உந்தும்போது கிடைக்கும் பிடிப்பைத்தான் அளக்கிறது. பிரேக்கையும் ஐஸையும் அது தொடுவதில்லை. எனவே இந்த முத்திரை நுழைவுத் தேர்வு மாதிரிதான். அதில் தேறிய எல்லா டயரும் ஒரே தரம் அல்ல.

‘நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?’ என்பது வலுவான எதிர்க்கேள்வி. கொலராடோ சட்டமே அதன் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2019-இல் வந்த சட்டப்படி டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் இடைப்பட்ட ஐ-70 பகுதியில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை பனிக்கான ஆயத்தம் கட்டாயம். ஆனால் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பள்ளம் 3/16 அங்குலம், அதாவது சுமார் 4.8 மில்லிமீட்டர் இருந்தாலே போதும். பள்ளத்தின் ஆழத்தைக் கேட்டது சரி. ரப்பரைப் பற்றிக் கேட்காமல் விட்டதுதான் கோளாறு. ஃபோர் வீல் டிரைவ் செய்வது எஞ்சின் விசையை நான்கு சக்கரத்துக்கும் பங்கிடுவது மட்டுமே. பிரேக்கோ எந்தக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் உண்டு. அதில் ஜீப்புக்குத் தனிச் சலுகை கிடையாது. பிடிப்பில்லாத டயரோடு சுலபமாக வேகமெடுத்துவிடும் கனமான வண்டி, வளைவில் நிற்க முடியாமல் தவிக்கும். ஏற்றத்தில் தந்த தைரியத்தை இறக்கத்தில் அது திருப்பி வாங்கிக்கொள்கிறது.

ஆழமான புதுப்பனியில் பெரிய பட்டன்கள் நன்றாக இழுக்கும் என்பார்கள். உண்மைதான். ஐஸ்லாந்தில் பனிப்பாறைகளின் மேல் ஓட்டுகிறவர்கள் 38 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள அகல டயர்களில் காற்றை மிகவும் குறைத்து, பனியின் மேல் மிதப்பதுபோலப் போகிறார்கள். ஆனால் அது சாலையே இல்லாத இடத்துக்கான உத்தி. அடியில் தார் இருக்கும் சாலையில், மேலே சில அங்குலப் பனி மட்டும் கிடக்கும்போது, அகலம் குறைந்த டயர்தான் பனியை வெட்டி இறங்கித் தரையைத் தொடுகிறது. வாரம் முழுக்க நெடுஞ்சாலையிலும் எப்போதாவது காட்டுத் தடத்திலும் ஓட்டுகிறவர், அந்த எப்போதாவதுக்காக டயர் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செலவு என்ற ஆட்சேபம் இன்னும் பாக்கி. தனிப் பனி டயர் கோடையில் சீக்கிரம் தேயும், பாறையிலும் பாடுபடும். ஆகவே இரண்டு செட் வேண்டும். ஆனால் ஒன்று ஓடும்போது மற்றொன்று தேயாமல் கிடக்கிறது. உண்மையான கூடுதல் செலவு ரிம்முக்கும் மாற்றும் கூலிக்கும்தான். குளிர்காலம் முழுக்க மலையேறுகிறவர் இதையே செய்யலாம். மாதத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு மலை முத்திரை பெற்ற ‘ஆல் டெரெய்ன்’ டயர் ஏற்கத்தக்க சமரசம். பிஎஃப்குட்ரிச் கேஓ2 போன்றவை அந்த வகை. எதை வாங்கினாலும் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டை மட்டும் மாற்றினால் ஒரு முனை பிடிக்கும், மறுமுனை வழுக்கும். சுற்றளவு வேறுபட்டால் ஃபோர் வீல் டிரைவின் பற்சக்கரங்களும் அடிவாங்கும். பக்கவாட்டில் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 3623 என்றால் 2023-இன் 36-ஆவது வாரம் செய்தது. காற்றையும் குளிர்காலத்தில் மறுபடி பாருங்கள். 15 டிகிரியில் நிரப்பிய டயரில், வெளியே மைனஸ் 15 ஆகும்போது சுமார் 5 பிஎஸ்ஐ குறைந்திருக்கும்.