மலிவுச் சரக்கும் மாதிரிச் சோதனையும்

கரூரில் நெய்யப்படும் சமையலறைத் துண்டுகளும் மேஜை விரிப்புகளும் வெளிநாட்டு மலிவு விலைக் கடைகளுக்கும் செல்கின்றன. விலை மலிவென்பதால் தரத்தையும் தளர்த்தலாமென்று நாம் எண்ணலாகாது. விலையைக் குறைத்துக் கேட்கும் வியாபாரி, தரத்தை மட்டும் குறைத்துக் கேட்பதில்லை!

சோதகர் ஒவ்வொரு துண்டையும் பார்ப்பதில்லை. 5,000 துண்டுகள் கொண்ட சரக்கில், வழக்கமான அட்டவணைப்படி, 200-ஐ மட்டும் உருவி எடுப்பார். தர வரம்பு 2.5 என்றிருந்தால், குறையுள்ளவை 10 வரை ஏற்பார். 11 ஆயின் முழுச் சரக்கும் நின்றுவிடும். இழையறுந்த இடம், எண்ணெய்க் கறை, அளவுக் குறைவு யாவும் கணக்கில் சேரும். ஒரு தறியின் அசட்டை அனைவர் கூலியையும் தடுத்துவிடக் கூடும்.

சாயத்தில் இச்சலுகையும் கிடையாது. தீங்கான அமைன்களை வெளிவிடும் அஸோ சாயங்களை 1997-இல் நம் அரசே தடை செய்தது. ஆகவே, இட்ட சாயம் இன்னதென்று பட்டறையாரிடம் சீட்டில் எழுதி வாங்குவோம். நூலைத் துவைத்துப் பார்த்த பின்னரே தறியேற்றுவோம்.