வாகைக்கு உரிய அணி எது?

எமது பாடசாலையின் இடைவேளைகளில் மாணவர் பெரிதும் விவாதிக்கும் பொருள்களுள் கூடைப்பந்தாட்டமும் ஒன்று. "இவ்வாண்டு சம்பியனாகத் தகுதியுடைய அணி எது?" என்று வினவினால், ஒரு வீரரின் பெயரையோ, வென்ற ஆட்டங்களின் தொகையையோ விடையாகத் தருகின்றனர். இவ்விரண்டும் போதா என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்திலே, செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையாவோரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறார். அவற்றையே அளவுகோலாகக் கொண்டு, தமிழர் பலர் வாழும் நியூ ஜேர்சி, டெக்சாஸ், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி ஆகியவற்றின் அணிகளை நோக்குவோம்.

முதலாவது, செயலின் வலிமை. என்.பி.ஏ. அமைப்பில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடும். பின்னர் 16 அணிகள் நான்கு சுற்றுகளில் மோதும். ஒரு சுற்றை வெல்ல, அதே எதிரணியை ஏழு ஆட்டங்களுக்குள் நான்கு முறை தோற்கடித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து மைதானங்களில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்த நாம், அதிர்ஷ்டத்தால் வந்த ஒரு கோல் இறுதியாட்டத்தையே முடித்துவைத்ததைக் கண்டிருக்கிறோம். இங்கு அதற்கு இடம் குறைவு. முதல் ஆட்டத்தில் வெளிப்படும் குறை, அடுத்த ஆட்டத்திலேயே தாக்கப்படும். ஆகவேதான், 1995ஆம் ஆண்டு 47 ஆட்டங்களை மட்டும் வென்றிருந்த ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் வாகை சூடியது. 2016ஆம் ஆண்டு 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் இறுதித் தொடரில் தோற்றது.

இரண்டாவது, தன் வலிமை. 2001ஆம் ஆண்டு ஜேசன் கிட் வந்து சேர்ந்ததும், முந்திய பருவத்தில் 26 ஆட்டங்களையே வென்றிருந்த நியூ ஜேர்சி நெட்ஸ் 52 ஆட்டங்களை வென்றது. எதிரணி பந்தைத் தவறவிட்ட கணமே விரைந்தோடிக் கூடையிலிடுவது அதன் பலம். ஆனால் 2002ஆம் ஆண்டு இறுதித் தொடரில், லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் ஷகீல் ஓநீலைக் கூடையருகே தடுக்க வல்லார் அதனிடம் இல்லை. அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 36 புள்ளிகள் பெற்றார். எதிரணி கூடையிலிட்ட பந்தை எடுத்து ஆட்டத்தை மீளத் தொடங்கும் அணிக்கு விரைந்தோட வாய்ப்பேது? தற்காப்பின் குறை, தாக்குதலின் பலத்தையும் கெடுத்தது. நான்கு ஆட்டங்களிலும் நெட்ஸ் தோற்றது.

மூன்றாவது, எதிரியின் வலிமை. 2007ஆம் ஆண்டு டாலஸ் மாவெரிக்ஸ் 67 ஆட்டங்களை வென்று முதலிடம் பெற்றது. முதற் சுற்றில் அதனை எதிர்த்தது, 42 ஆட்டங்களையே வென்று எட்டாம் இடத்தில் நின்ற கோல்டன் ஸ்டேட். அதன் பயிற்றுவிப்பாளர் டொன் நெல்சன், முன்னர் டாலசையே பயிற்றுவித்தவர். டாலசின் நெடிய வீரரான டேர்க் நொவிற்ஸ்கிக்கு எதிராக, உயரங் குறைந்த, விரைந்து நகரும் வீரரை அவர் நிறுத்தினார். டாலஸ் நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வெளியேறியது.

நான்காவது, துணைவலிமை. தொடக்க ஐவரையன்றி வாங்கில் காத்திருப்போரே இங்கு துணையாவர். 2011ஆம் ஆண்டு இறுதித் தொடரில், மயாமியிடம் இரண்டுக்கு ஒன்று எனப் பின்தங்கியிருந்த டாலஸ், ஆறடிக்கும் குறைந்த உயரமுடைய ஹோசே பரேயாவை வாங்கிலிருந்து தொடக்க ஐவருள் சேர்த்தது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது. 2015ஆம் ஆண்டு, கிளீவ்லாண்டிடம் அவ்வாறே பின்தங்கிய கோல்டன் ஸ்டேட், பருவம் முழுவதும் வாங்கிலிருந்தே இறங்கிய அண்ட்ரே இகுடாலாவைத் தொடக்க ஐவருள் சேர்த்து, அடுத்த மூன்றையும் வென்றது. அவரே தொடரின் சிறந்த வீரராகவும் தெரிவானார். 2014ஆம் ஆண்டு வாகை சூடிய சான் அன்டோனியோ ஸ்பேர்ஸ் அணியிலோ, பருவத்தில் எவருமே ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடங்கள் ஆடவில்லை. ஓர் ஆட்டம் 48 நிமிடங்கள் கொண்டது. கோடையில் இறுதித் தொடர் வந்தபோது, அவ்வணியின் மூத்த வீரரிடம் ஓடுவதற்கு வலு எஞ்சியிருந்தது.

எனவே மாணவர் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: இவ்வணியின் முதற் பலத்தை எதிரி முடக்கிவிட்டால், வேறு வழி இதனிடம் உண்டா? உண்டு எனின், அதுவே வாகைக்கு உரிய அணி.

பெற்றோருக்கும் ஒரு சொல். தம் பிள்ளை வாங்கில் அமர்த்தப்பட்டதும், இனி விளையாட்டு வேண்டாம் என்று நிறுத்திவிடுவோர் நம்மிடையே உண்டு. இகுடாலா அப்பருவத்துக்கு முன்பு, என்.பி.ஏ.யில் தாம் ஆடிய ஆட்டங்கள் அனைத்திலும் தொடக்க ஐவருள் ஒருவராக இருந்தவர். புதிய பயிற்றுவிப்பாளர் ஸ்டீவ் கேர் வேண்டியபோது, வாங்கில் அமர அவர் உடன்பட்டார். அமர்ந்திருந்த காலத்திலும் பயிற்சியைக் கைவிடாமையாலேயே, அழைப்பு வந்தபோது ஆயத்தமாக இருந்தார். உங்கள் பிள்ளையையும் அடுத்த வாரப் பயிற்சிக்குத் தவறாது அனுப்பி வையுங்கள்.