வரப்போடு நின்றுவிடும் சட்டம்

தில்லியில் சாட் விற்கவும் பயிற்சி உண்டு. 2016-இல் தெருவோரக் கடைக்காரர்களைக் கூட்டிவைத்துக் கைகழுவுவதிலிருந்து குப்பைத்தொட்டிக்கு மூடி போடுவது வரை சொல்லிக்கொடுத்தது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். மறு ஆண்டே 'ஃபோஸ்டாக்' என்ற பயிற்சித் திட்டமும் வந்தது. உணவைக் கையாளும் 25 பேருக்குப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு.

அந்தச் சாட்டின் மேல் தூவும் கொத்தமல்லியை விளைவித்தவர் மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டார். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 18-ஆவது பிரிவில், விவசாயிக்கும் வயல் வேலைக்கும் வயலளவில் உள்ள விளைச்சலுக்கும் இது பொருந்தாது என்று ஒதுங்கிக்கொள்கிறது. ஒரு காணி, அரைக் காணி வைத்திருப்பவரிடம் உரிமம் கேட்பது கொடுமை என்பதால் விதிவிலக்கு சரிதான். ஆனால் உரிமம் வேண்டாம் என்பதும் பயிற்சி வேண்டாம் என்பதும் ஒன்றல்ல.

2006 செப்டம்பரில் அமெரிக்காவில் பசலைக்கீரை தின்ற சுமார் 200 பேர் ஈ.கோலை கிருமியால் படுத்தார்கள், மூவர் இறந்தார்கள். துப்பு கலிபோர்னியாவின் ஒரு வயலில் போய் முடிந்தது. அதே கிருமி பக்கத்து ஓடையிலும், மாட்டுச் சாணத்திலும், காட்டுப்பன்றியிடமும் இருந்தது. பச்சையாகத் தின்னும் கீரையில் ஒட்டிய கிருமியைக் கொல்ல அடுப்பும் இல்லை. 2015-இல் அங்கே வந்த விதி, அதன் கீழ் வரும் ஒவ்வொரு பண்ணையிலும் ஒருவராவது பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றது.

நமக்கு அமெரிக்காவைவிட ஆப்பிரிக்காதான் நெருக்கம். கானா நாட்டின் அக்ரா, குமாசி நகரங்களில் சாக்கடை கலந்த நீரை இறைத்துக் கீரை வளர்ப்பவர்களோடு, கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் பல ஆண்டுகள் வேலை செய்தது. நல்ல தண்ணீருக்கு மாறு என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. வேறு தண்ணீரே கிடையாது. அதனால் குட்டையைக் கலக்காமல் தெளியவிட்டு மேலாக மொள்ளச் சொன்னார்கள். குடற்புழு முட்டைகள் அடியில் படிந்துவிடும். பூவாளியைத் தாழ்த்திப் பிடித்தால் மண் இலையில் தெறிக்காது. அறுவடைக்குச் சில நாள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்தினால் வெயிலே கிருமியைக் கவனித்துக்கொள்ளும். ஒரே நாளில் கிருமிகள் மூன்றில் ஒன்றாகும், சூழல் வாய்த்தால் நூறில் ஒன்றாகவும் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நீர் நின்றால் கீரை வாடும், எடை குறையும். வாடிய கட்டை எந்த மண்டியில் நல்ல விலைக்கு எடுப்பார்கள்?

பூச்சிமருந்திலும் இதே இழுபறிதான். தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற காத்திருப்புக் காலம் டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். வெண்டைக்காயை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். ஒரு வாரம் காத்திரு என்பது, மூன்று பறிப்பைத் தூக்கிப் போடு என்பதற்குச் சமம். காத்திருப்புக் குறைவான மருந்தைக் காட்டாமல் 'விதியைப் படி' என்று மட்டும் சொல்லும் வகுப்பு வீண். காய்கறிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் அடிக்கக்கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. ஆனால் எதை வாங்குவது என்று ஊரில் சொல்பவர் பெரும்பாலும் மருந்துக் கடைக்காரர்தான்.

இத்தனையும் விவசாயியின் கைக்கு எட்டுபவை. எட்டாதது யமுனைக் கரையில் இருக்கிறது.

நஜஃப்கர் வடிகால் வஜீராபாத் தடுப்பணைக்குக் கீழே ஆற்றில் கலக்கிறது. அங்கிருந்து ஓக்லா வரையிலான 22 கிலோமீட்டரில் யமுனை ஓடுவதாகச் சொல்வது மரியாதைக்குத்தான். அதன் படுகையில் சில்லா காதர் போன்ற இடங்களில் பாலக், முள்ளங்கி, காலிஃபிளவர் விளைகின்றன. கழிவோடு வந்து மண்ணில் தங்கும் காட்மியத்தை வேர், துத்தநாகம் என்று ஏமாந்து அதே வாசல் வழியாக உள்ளே விட்டுவிடும். சாலைப் புழுதியாக இலைமேல் படிந்த ஈயத்தில் ஒரு பங்கு கழுவினால் போகும். இலைக்குள் ஏறிய காட்மியம் உப்புநீருக்கும் மஞ்சளுக்கும் அசையாது. இலைக்காய்கறிகளில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்தான் சர்வதேச கோடெக்ஸ் அமைப்பு விதித்த உச்சவரம்பு.

காய்கறி விவசாயிகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'ஐந்து திறவுகோல்' கையேடு முழுக்கக் கிருமியைப் பற்றியது. உலோகத்துக்கு அதில் திறவுகோல் இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில், ஆறு சுத்தமாகும்வரை படுகையில் உண்ணும் பயிர்கள் கூடாது என்றது. ஆற்றைக் கெடுத்தது நகரம், பயிரை நிறுத்த வேண்டியவர் குத்தகைக்காரர்.

பயிற்சிக்கு இங்கேயும் வேலை உண்டு, பயிரைத் தேர்ந்தெடுப்பதில். இலையைவிடச் சுரைக்காயிலும் தக்காளியிலும் பொதுவாக உலோகம் குறைவாகவே ஏறும். மண்ணைச் சோதித்தபின் அதுவும் கூடாதென்றால் செண்டுமல்லி போடலாம். காஜிப்பூர் பூச்சந்தை தொலைவில்லை. பாலக் ஒரு மாதத்தில் முதல் அறுப்புக்கு வந்துவிடும், செண்டுமல்லி பூக்க இரண்டு மாதமாவது ஆகும். அந்த இடைவெளியில் குத்தகைப் பணத்தை யார் கட்டுவது என்பதையும் பாடத்திட்டம் எழுதுபவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.