அப்டேட் மீது பழி போடுவதற்கு முன்

எங்கள் மஹல்லாவின் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் கணக்குகளை ஆறு வருடங்களாக நான்தான் எனது லெப்டொப்பில் எழுதி வந்தேன். மாதச் சந்தா, வபாத்தானவர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்த உதவி, வட்டியில்லாக் கடன் பெற்றவர்களின் தவணைகள் எல்லாம் ஒரே எக்ஸெல் கோப்பில் இருந்தன. ஒரு நாள் இரவு விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்க, அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் திறந்தால் கறுப்புத் திரை. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனபோது, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார்.

கையில் மிஞ்சியது பதினான்கு மாதங்களுக்கு முன் எடுத்த ஓர் அச்சுப் பிரதி மட்டுமே. அதன்படி இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரி இன்னும் எட்டுத் தவணை தர வேண்டும். அவர் நிர்வாகத்தின் முன்னால் வந்து நின்று, "தம்பி, நான் எல்லாம் கட்டி முடிச்சிட்டன். நீங்கதானே உங்கட கையால எழுதினீங்க" என்றார். அவரிடம் துண்டுச் சீட்டு எதுவும் இல்லை, என்னிடமும் இல்லை. நிர்வாகம் அவரது சொல்லை ஏற்றுக்கொண்டது. ஆனால் கடனாளி அல்ல என்று நிரூபிக்க அவர் அங்கு வந்து நிற்க வேண்டி வந்ததே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜனாஸாத் தொழுகைக்கு முன் மையித்துக்குக் கடன் உண்டா என்று கேட்கின்ற சமூகம் நாம். கடன் கணக்கு எமக்குச் சாதாரண விடயம் அல்ல.

அப்போது நான் எல்லோரிடமும் சொன்னது "அப்டேட் அடித்துவிட்டது" என்பதைத்தான். அது முழு உண்மை அல்ல என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

2025 ஒகஸ்டில் பரவிய செய்தி

"விண்டோஸ் அப்டேட் செய்தால் ஹார்ட் டிஸ்க் செத்துவிடும்" என்ற செய்தி 2025 ஒகஸ்டில் உலகம் முழுவதும் பரவியது. அம்மாதம் 12ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 11க்கான மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. அதன் பின்னர் ஜப்பானைச் சேர்ந்த ஒருவர், பாதிக்கு மேல் நிரம்பிய எஸ்.எஸ்.டி.யில் சுமார் 50 ஜிபி அளவுள்ள கோப்புகளைத் தொடர்ச்சியாக எழுதும்போது டிரைவ் திடீரென மறைந்துவிடுகிறது என்று அறிவித்தார். பைசன் என்ற தாய்வான் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுச் சிப் உள்ள டிரைவ்களே அதிகம் பாதிக்கப்படுகின்றன என்று பேச்சு எழுந்தது.

பைசன் நிறுவனம் மொத்தம் 4,500 மணித்தியாலங்களுக்கு மேல் சோதனை நடத்தி, அந்தக் கோளாறைத் தம்மால் மீண்டும் உண்டாக்க முடியவில்லை என்று கூறியது. அதே மாத இறுதியில் மைக்ரோசொப்டும், தமது அப்டேட்டுக்கும் டிரைவ்கள் பழுதாவதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று அறிவித்தது. செப்டெம்பரில், பரிசோதிக்கப்பட்ட சில டிரைவ்களில் விற்பனைக்கு உரியதல்லாத, பொறியியலாளர்களின் பரீட்சார்த்த பர்ம்வெயார் இருந்தது தெரியவந்தது. பர்ம்வெயார் என்பது டிரைவின் உள்ளே இருந்து அதை இயக்கும் சிறு மென்பொருள். இதற்கிடையில் பைசனின் பெயரில் போலி ஆவணம் ஒன்றும் சுற்றியது. அது பொய் என்று அந்நிறுவனமே பகிரங்கமாக மறுக்க வேண்டி வந்தது.

செய்தி வந்தால் உறுதிப்படுத்திக்கொள்ளுமாறு சூரா ஹுஜுராத் எமக்குக் கட்டளையிடுகிறது. வட்ஸ்அப்பில் வரும் கணினிச் செய்திக்கும் அது பொருந்தும்.

அப்டேட் உண்மையில் தவறிய சந்தர்ப்பங்கள்

அதற்காக அப்டேட்கள் எப்போதும் குற்றமற்றவை என்று சொல்ல முடியாது. 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி வெளியான விண்டோஸ் 10 அப்டேட், சிலரது டொகியுமென்ட்ஸ் கோப்புறையில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டது. சில நாட்களிலேயே மைக்ரோசொப்ட் அதை நிறுத்தி, திருத்தி, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. 2020இல் வந்த ஒரு பதிப்பு, டிரைவைக் கடைசியாக எப்போது சீர்செய்தோம் என்பதை மறந்து, எஸ்.எஸ்.டி.யைத் தேவைக்கு அதிகமாகச் சீர்செய்துகொண்டே இருந்தது. எஸ்.எஸ்.டி.யில் எழுதக்கூடிய தடவைகளுக்கு எல்லை உண்டு என்பதால், வீணான எழுத்து அதற்குத் தேய்மானம். அதே வருட டிசம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பின்னர், டிஸ்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓடவிட்ட சில கணினிகளில் கோப்பு அமைப்பே சிதைந்து, கணினி தொடங்க மறுத்தது. இவற்றை மைக்ரோசொப்டே ஒப்புக்கொண்டு திருத்தியது.

இவற்றில் பெரும்பாலும் பழுதானது டிஸ்க் அல்ல, அதில் எழுதியிருந்தவைதான். டிஸ்கைக் கடையில் வாங்கலாம். எழுதியிருந்ததை வாங்க முடியாது.

ஏன் அப்டேட் நேரத்திலேயே போகிறது?

ஒரு பெரிய அப்டேட் சில ஜிபி கோப்புகளை இறக்கி, விரித்து, பழையதை ஒதுக்கி, புதியதை எழுதி, கணினியை இரண்டு மூன்று தடவை நிறுத்தித் தொடங்கும். கடிதம் டைப் செய்வதற்கும் யூடியூப் பார்ப்பதற்கும் மட்டும் பயன்படும் கணினியின் டிஸ்குக்கு மாதத்தில் அதுதான் மிகக் கடினமான வேலை. ஏற்கனவே பலவீனமான டிஸ்க் அந்த நேரத்தில்தான் விழும். எனது ஹார்ட் டிஸ்க் மூன்று மாதங்களாக மெதுவாகி, இடையிடையே 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்டேட் அதன் கடைசிச் சுமையாக இருந்திருக்கலாம். நோயை அது உண்டாக்கவில்லை.

இன்னொரு காரணம் மின்சாரம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9இல் நாடே இருளில் மூழ்கியது. எஸ்.எஸ்.டி. தன்னிடம் உள்ள தகவல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு ஓர் அட்டவணை வைத்திருக்கும். அது எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் போனால், சில டிரைவ்கள் முழுமையாகவே செயலிழந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் போல அது சத்தம் போட்டு எச்சரிப்பதும் இல்லை. அழிந்த கோப்பை மீட்பதும் எஸ்.எஸ்.டி.யில் மிகக் கடினம். ஹார்ட் டிஸ்கில் கோப்பை அழித்தாலும் அதன் மீது வேறொன்று எழுதப்படும் வரை தகவல் இருக்கும். எஸ்.எஸ்.டி. அந்த இடத்தைத் தானாகவே துடைத்துவிடும்.

அப்படியானால் அப்டேட்டை நிறுத்திவிடலாமா?

பலர் செய்வது அதைத்தான். எமது நாட்டிலேயே அதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 2023 ஒகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் கட்டமைப்பு ரென்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டு, மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இல்லாமல் போயின. அங்கு பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அந்த மென்பொருளுக்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அந்தக் காலப்பகுதிக்கு வேறாக வைக்கப்பட்ட பிரதியும் இருக்கவில்லை. அப்டேட் செய்யாததும் பிரதி இல்லாததும் சேர்ந்தால் அரசாங்கத்துக்கே இந்த நிலை.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதைப் பாவிப்பவர்கள் நீடிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யலாம், அல்லது புதிய பதிப்புக்கு மாறலாம். அப்படியே விடுவது கதவைத் திறந்து வைத்துத் தூங்குவதாகும்.

செத்தது போல் தெரியும் டிஸ்க்

அப்டேட்டுக்குப் பின்னர் நீல நிறத் திரை தோன்றி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால் பயப்படாதீர்கள், போர்மட் செய்யவும் வேண்டாம். அது பிட்லொக்கர் என்ற பூட்டு. புதிய லெப்டொப்கள் பலவற்றில் நாம் அறியாமலே அது போடப்பட்டிருக்கும். அந்த எண் பெரும்பாலும் கணினியைத் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் தனது மின்னஞ்சலில் கணக்குத் திறந்து தந்திருந்தால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். எண் தொலைந்தால் உள்ளே இருப்பதை எவராலும் திறக்க முடியாது. அதைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள்.

செய்ய வேண்டியது என்ன?

அப்டேட்டுக்கு முன் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்கில் பிரதி எடுங்கள், பிறகு அந்த டிஸ்கைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் ரென்சம்வெயார் அதையும் பூட்டிவிடும். லெப்டொப்பின் பற்றரியை நிரப்பி, சார்ஜரையும் செருகி அப்டேட் செய்யுங்கள். மேசைக் கணினி என்றால் யு.பி.எஸ். அவசியம். பரீட்சை, சம்பளக் கணக்கு போன்ற அவசர வேலை இருந்தால், செட்டிங்ஸில் அப்டேட்டை ஒரு வாரம் ஒத்திவைக்கலாம். நிரந்தரமாக நிறுத்த வேண்டாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்போ போன்ற இலவச மென்பொருள் டிஸ்கின் நிலையைக் காட்டும். எச்சரிக்கை காட்டினால் அன்றே பிரதி எடுங்கள். டிஸ்க் போய்விட்டது என்று சந்தேகித்தால் கணினியை நிறுத்துங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவுவதும் செக்டிஸ்க் ஓடவிடுவதும் மிஞ்சியதையும் அழிக்கக்கூடும்.

கூகுள் டிரைவ் போன்றவை உதவும். ஆனால் கணினியோடு தானாக இணைந்து இயங்கும் கோப்புறையில், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஆகவே அது ஒன்றே போதாது. மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்பதே உலகில் பலரும் பின்பற்றும் விதி.

வேறு இடம் என்பதன் பெறுமதியை எமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டம். உயிர் தப்பியவர்களில் எத்தனை பேர் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இன்றி அலுவலகங்களுக்கு அலைந்தார்கள்? அலுமாரியில் பத்திரமாக இருந்த மூலப் பிரதியும் போட்டோ பிரதியும் ஒரே அலையில் போயின.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுவதோடு நில்லாமல் சாட்சிகளையும் அது கேட்கிறது. நான் எழுதினேன், ஆனால் அந்த எழுத்துக்குச் சாட்சி வைக்கவில்லை. பள்ளிவாசல் கணக்கு, மத்ரஸா மாணவர் பதிவு, கடையின் கடன் கொப்பி என எதை வைத்திருப்பவருக்கும் அது பிறருடைய அமானிதம்.

இப்போது எங்கள் சங்கத்தின் கணக்கு எனது லெப்டொப்பில் இருக்கிறது, கூகுள் டிரைவில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை எழுதப்படும் வெளி டிஸ்க், கடலில் இருந்து தள்ளி, சம்மாந்துறையில் ஓர் உறுப்பினரின் வீட்டில் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்துச் சரிதானா என்று அவரும் உறுதிப்படுத்துவார். தவணை கட்டும் ஒவ்வொருவருக்கும் கையொப்பமிட்ட துண்டு ஒன்று கொடுக்கிறோம். முதல் துண்டை அந்தச் சகோதரிக்குத்தான் எழுதினேன்: கடன் முழுமையாகத் தீர்ந்தது என்று.