குப்பைக்கூடை சொல்லும் சாப்பாட்டுக் கணக்கு

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ் வீடு என்று வைத்துக்கொள்வோம். மதியம் சோறு, முருங்கைக்காய் சாம்பார், தயிர், ஆளுக்கு ஒரு துண்டு வறுத்த மீன். சாயங்காலம் குப்பைக்கூடையில் என்ன கிடக்கும்? மென்று துப்பிய முருங்கைச் சக்கை ஒரு குவியல், நாலைந்து முள். சோறும் பருப்பும் தயிரும் தடமே வைக்காமல் வயிற்றுக்குள் போய்விட்டன. கூடையை மட்டும் பார்ப்பவர், இவர்கள் முருங்கைக்காயிலேயே உயிர் வாழ்கிறார்கள் என்று எழுதிவிடுவார். பயிர்த்தொழில் அறியாத பழங்காலக் கடலோர மக்கள் என்ன தின்றார்கள் என்று சொல்ல முனைகிறவருக்கும் இதே சிக்கல்தான்.

அப்படி வாழ்ந்த ஒரு மக்களின் கூடை அந்தமான் கரைகளில் மேடு மேடாகக் கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்துக்குத் திரும்பி வந்து, தின்று எறிந்த கிளிஞ்சல்கள். இவற்றைப் பற்றி 1870-லேயே கொல்கத்தா ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் எழுதியவர், இந்திய நிலவியல் ஆய்வகத்தின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. நம் அரியலூர், திருச்சிப் பகுதிப் புதைபடிவச் சிப்பிகளை வகைபிரித்து எழுதியவரும் இவர்தான். ஓடுகளைப் பார்க்கத் தெரிந்த கண். ஓடுகளுக்கு நடுவே பன்றி எலும்பு, பானை ஓடு, கல் கருவி எல்லாம் கலந்து கிடப்பதை அவர் குறித்தார்.

இந்த மக்களின் சமையலறைக்குச் சரக்கறை, கடல் வற்றும்போது வெளியே தெரியும் தரை. நாளைக்கு இரண்டு முறை திறக்கும், மூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் உள்வாங்குவதால் மற்ற நாளில் எட்டாத அடித்தட்டும் அன்றைக்குக் கைக்கு எட்டும். சதுப்புக்காட்டுச் சேற்றில் கூம்பு போல நீண்ட சுருள் நத்தைகள், மணலில் மட்டி, பாறையில் ஒட்டிய சிறு நத்தைகள். இதற்கு ஆயுதம் வேண்டாம், வேட்டைக்காரனும் வேண்டாம். பாட்டியும் பேரனும் ஒரு கூடையோடு போனால் போதும்.

மட்டியைத் தணலில் வைத்தால் ஓட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து தானே வாய் திறக்கும். சுருள் நத்தை அப்படி அடங்காது. சதை உள்ளே கடைசிச் சுற்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும். கூர்முனையைக் கல்லால் தட்டி உடைத்துவிட்டால் காற்று புகுந்து பிடி விடும், வாய்ப்பக்கம் உறிஞ்சலாம். எனவே ஓர் ஓட்டின் முனை எப்படி உடைந்திருக்கிறது என்பதே அது மனிதர் தின்றதா, தானாகச் செத்ததா என்பதற்கு நல்ல துப்பு.

பெரிய உணவு வேறு வழியில் வந்தது. அந்தமானியர் ஆழம் குறைந்த நீரில் மீனை வில்லால் எய்தார்கள். பெண்கள் கைவலையால் அள்ளினார்கள். ஆமைக்கும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கும் எறியீட்டி. குத்தியதும் முனை மட்டும் உடலில் தங்கிக் கழியிலிருந்து கழன்றுவிடும். முனையில் கட்டிய கயிறு படகில். விலங்கு இழுத்து இழுத்துக் களைத்த பிறகு கரைக்குக் கொண்டுவருவார்கள். அடுப்பை மட்டும் அணையவிடுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அவர்களைப் பார்த்தவர்கள், இவர்கள் புதிதாகத் தீ மூட்டுவதில்லை, இடம் மாறும்போதும் கனன்றுகொண்டிருக்கும் கட்டையையே எடுத்துப் போகிறார்கள் என்று பதிந்தார்கள்.

இப்போது கூடையின் பொய். ஜெஃப் பெய்லி என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் 1970-களில் ஒரு கணக்குப் போட்டார்: ஒரு செம்மான் தரும் கலோரிக்கு 52,267 சிப்பி வேண்டும், அல்லது 1,56,800 மட்டி. அந்த 267-ஐப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அளவு புரிகிறதல்லவா? மான் ஒரு கூடை எலும்பை விட்டுப்போகும். அதே அளவு உணவைத் தந்த மட்டி ஒரு மேட்டையே விட்டுப்போகும். ஆமையைப் பிடித்த இடத்திலேயே அறுத்து இறைச்சியை மட்டும் எடுத்து வந்தால் மேட்டில் எலும்பே இருக்காது. ஆகவே ஓடு மிகுதி என்பதால் அதுவே தலையாய உணவு என்று முடிவு கட்டக்கூடாது. என் கணிப்பில், கிளிஞ்சல் அவர்களின் விருந்தல்ல. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்துப் படகு இறங்காத நாட்களிலும் கைவிடாத சாப்பாடு.

ஆனாலும் ஓட்டைக் குறை சொல்ல முடியாது. மழைக்காட்டு மண்ணின் அமிலம் எலும்பை அரித்துவிடும். கிளிஞ்சலின் சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறித்துப் பன்றி எலும்பையும் மீன் முள்ளையும் காப்பாற்றி வைக்கிறது. இந்த மேடுகள் அண்மைக் காலம்வரை வளர்ந்தவை: மேல் அடுக்குகளில் கப்பல்காரர்களின் பாட்டில் கண்ணாடியைச் செதுக்கிய சில்லுகளும் கிடைக்கின்றன.

தலைமையகம் கொல்கத்தாவில் உள்ள இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் சார்பில் 1950-களில் இத்தாலியர் லிடியோ சிப்ரியானி லிட்டில் அந்தமான் மேடுகளைத் தோண்டினார். 1980-களில் ஜரின் கூப்பர் தெற்கு அந்தமானின் சவுல்தாரியில் தோண்டியபோது கிடைத்த மிகப் பழைய காலம் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முந்தையது. தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயின்ட் குகையிலோ 1,64,000 ஆண்டுகளுக்கு முன்பே சிப்பி தின்றிருக்கிறார்கள். ஆகவே மேட்டின் வயதை மட்டும் வைத்து, அந்தமானில் மனிதர் குடியேறி இரண்டாயிரம் ஆண்டுதான் ஆகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு விடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. அந்தக் காலத்துக் கரை முழுவதும், அதில் மேடுகள் இருந்திருந்தால் அவையும், இப்போது தண்ணீருக்கடியில்.