கடைவீதியும் திறன்பேசியும்

நுழையும்முன்

விளம்பரம் ஒருகாலத்தில் அச்சகத்தில் பிறந்தது. இன்று அது வணிகரின் உள்ளங்கையிலேயே பிறந்து, நொடிப்பொழுதில் ஊரைச் சுற்றிவருகிறது. வேலை எளிதாகியிருக்கிறது, பொறுப்பு எளிதாகியிருக்கிறதா என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லைப் பெரியாற்றை ஒட்டி அமைந்துள்ள பேரூராட்சி பழனிசெட்டிபட்டி. இத்தகைய ஊர்களில் கடை திறப்பவர் முன்பெல்லாம் துண்டறிக்கை அச்சிட்டு வீடுவீடாக வழங்குவார். அதன் அடிப்பகுதியில் சிற்றெழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அச்சிட்ட தாள்களில் அவை இடம்பெறவேண்டும் என்பது 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளையாக இருந்தது. தம் பெயரும் அதில் வருவதால், வாசகத்தை ஒருமுறை படித்துப் பார்த்து, 'இந்தச் சொல் வேண்டாமே' என்று சொல்லும் வாய்ப்பு அச்சகத்தாருக்கு இருந்தது. திறன்பேசியில் அந்த இரண்டாம் ஆள் இல்லை. எழுதுபவர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகிய மூவரின் பொறுப்பும் ஒருவர் தலையிலேயே விழுகிறது.

இதனைப் பலர் உணர்வதில்லை. தவறு நேர்ந்தால் முகநூல் போன்ற தளங்களை நடத்தும் நிறுவனங்களே பதில் சொல்லும் என எண்ணுகின்றனர். ஆனால், தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 79ஆம் பிரிவு, பிறர் இடும் பதிவுகளுக்கான பொறுப்பிலிருந்து அந்நிறுவனங்களுக்குச் சில நிபந்தனைகளுடன் பாதுகாப்பு அளிக்கிறது. பதிவிட்டவருக்கு அப்பாதுகாப்பு இல்லை. அதே சட்டத்தின் 66ஏ பிரிவை உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழில் முனைவோர் ஒருவர் 2012இல் தம் ட்விட்டர் பதிவுக்காகக் கைதானது அப்பிரிவின்கீழ்தான். அது நீங்கியதால் இணையத்தில் எதையும் எழுதலாம் என்று கருதுவது பிழை. அவதூறு இன்றும் குற்றமே. போட்டிக் கடையின் பொருள் கலப்படமானது என ஆதாரமின்றி எழுதுபவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி இரண்டாண்டுவரை வெறுங்காவல் தண்டனை கிடைக்கலாம்.

பிறரைப் பழிப்பதைவிடத் தம் பொருளை மிகைப்படுத்திப் புகழ்வதே வணிகரிடம் அதிகம் காணப்படும் பழக்கம். மலைத்தேன் விற்பவர் 'தூய தேன்' என்று சொல்லலாம். அது மெய்யாயின் குற்றமில்லை. 'நீரிழிவு முற்றிலும் குணமாகும்' என்று அவரே ஒரு வரி சேர்த்துவிட்டால், 1954ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரங்கள் குறித்த சட்டம் குறுக்கே வருகிறது. நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை அது தடைசெய்கிறது. உணவுப் பொருள் பற்றிய தவறான விளம்பரத்திற்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006 பத்து இலட்சம் ரூபாய்வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. சிறு கடையொன்றை மூடவைக்கப் போதுமான தொகை அது.

சொன்னது மட்டுமன்று, சொல்லாமல் விட்டதும் ஏமாற்றாகலாம். சென்னையைச் சேர்ந்த குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி நிறுவனம் ஒன்று, வெற்றி பெற்ற மாணவர்களின் எண்ணிக்கையை விளம்பரப்படுத்தியது. அவர்கள் எந்தப் பயிற்சியில் சேர்ந்திருந்தனர் என்பதை வெளியிடவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் அதற்கு ஐந்து இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. பணம் பெற்றுக்கொண்டு உணவகத்தையோ துணிக்கடையையோ புகழ்ந்து காணொலி வெளியிடுவோரும் அந்தத் தொடர்பை வெளிப்படையாகத் தெரிவிக்கவேண்டும்.

ஊர்ப்பெயரும் எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டியதே. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறிடத்தில் விளைந்த திராட்சையைக் கம்பம் திராட்சை எனப் படம்போட்டு விற்பவர், பள்ளத்தாக்கின் உழவர் ஈட்டிய நற்பெயரைக் களவாடுகிறார். பொய்யாகக் குறியீட்டைப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டுவரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்க 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டம் வகைசெய்கிறது.

பாடலின் செய்தி சற்றுச் சிக்கலானது. இசையமைப்பாளர் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. தம் பாடல்களின் உரிமைக்காக அவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடியதை நாடறியும். எனினும், அவர் பாடலைப் பின்னணியில் ஒலிக்கவிட்டுப் புடவை விற்கும் காணொலிகளுக்குக் குறைவில்லை. ஒரு திரைப்பாடலில் வரிக்கு ஓர் உரிமை, இசைக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை எனத் தனித்தனியே உண்டு. முப்பது நொடிக்குள் இருந்தால் குற்றமில்லை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படியொரு விலக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. தனிமனிதர் மகிழ்ச்சிக்காக இன்ஸ்டாகிராம் வழங்கும் பாடல்களை வணிகத்திற்குப் பயன்படுத்தும் உரிமையும் தானாகக் கிடைத்துவிடாது. உலகெங்கும் விடுதிகள் நடத்தும் மாரியட் நிறுவனமே, சமூக ஊடகப் பதிவுகளில் உரிமமின்றிப் பாடல்களைப் பயன்படுத்தியதாக 2024இல் சோனி இசை நிறுவனம் அமெரிக்காவில் தொடுத்த வழக்கைச் சந்திக்க நேர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

பாடல் வரிக்கும் இசைக்கும் அவற்றைப் படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.

வாடிக்கையாளர்களைப் புலனக் குழுவில் சேர்த்திருக்கும் வணிகர்க்கு ஆறுதல் தரும் தீர்ப்பு ஒன்று உண்டு. உறுப்பினர் இட்ட பதிவுக்கு, வேறெந்தப் பங்கும் இல்லாத குழு நிருவாகியைக் குற்றவாளியாக்க முடியாது எனச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் கூறியது. தாமே பகிர்ந்தால் நிலைமை வேறு. பெண் இதழாளர்களை இழிவுபடுத்திய பதிவொன்றை 2018இல் பகிர்ந்த நடிகர் ஒருவர், அதனை உடனே நீக்கி மன்னிப்பும் கேட்டார். வழக்கை நீக்க அதே உயர்நீதிமன்றம் 2023இல் மறுத்தது. பகிரப்பட்ட செய்தியை வில்லைவிட்டுப் புறப்பட்ட அம்புக்கு ஒப்பிட்டது. எழுதியவர் வேறொருவர் என்ற வாதம் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

கடையின் பக்கத்தை நடத்துபவர் பெரும்பாலும் உரிமையாளரின் மகனோ, பகுதிநேரமாக வரும் இளைஞரோதான். கடவுச்சொல்லை அவரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க இயலாது. அறிவிக்கை வந்தவுடன் பதிவை அழித்துவிட்டு அமைதியாக இருப்பதும் போதாது. எதிர்த்தரப்பார் அதற்குமுன்பே திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருப்பர். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழுடன் அது நீதிமன்றத்தில் ஆவணமாக ஏற்கப்படும். ஆகவே, தம் பதிவின் படியையும் பாடலுக்கும் படத்திற்கும் பெற்ற அனுமதிக் கடிதத்தையும் முதலில் பத்திரப்படுத்தி, பின்னரே பதிவை நீக்குவதுபற்றி வழக்கறிஞரிடம் கலந்து முடிவெடுக்கவேண்டும்.