உடம்பெல்லாம் வலி... எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை!
இளவட்டங்களை வாட்டும் 'பைப்ரோமயால்ஜியா'

"இந்த வயசுல என்னய்யா உடம்பு வலி?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் வலி நிஜம்!

கடலூரில் பஸ் ஏறி சிதம்பரத்தில் இறங்குவதற்குள் கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். விடிய விடியத் தூங்கினாலும் அசதி தீராது. போட்ட கணக்கு மறந்து போகும். ரத்தப் பரிசோதனையோ 'நார்மல்' என்று வரும். விளைவு? 'சோம்பேறி' என்ற பட்டம்!

காரணம் என்ன?

மூட்டு கெடுவதில்லை. வலிச் செய்தியை மூளையும் தண்டுவடமும் பெரிதாக்கி விடுகின்றன. ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்த மாதிரி!

பெண்களையே அதிகம் தாக்குகிறது. அமெரிக்கப் பாடகி லேடி காகா 2017-ல், 31 வயதில், தமக்கு இந்நோய் இருப்பதாக அறிவித்து ஐரோப்பியக் கச்சேரிகளைத் தள்ளி வைத்தார்.

3 மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டுவதே நல்லது. தைராய்டு போன்ற வேறு கோளாறா என்றும் பார்ப்பார்கள். அடியோடு போக்க மருந்து இல்லை. கடையில் வாங்கும் வலி மாத்திரையால் பலன் குறைவு. நேரத்துக்குத் தூக்கம், சிறுகச் சிறுகக் கூட்டும் நடை, இவைதான் கை கொடுக்கும். நடக்க சில்வர் பீச் இருக்கவே இருக்கிறது!

நாற்காலி எங்கே?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இந்நோய் இல்லை. ஆனால் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டம் திருத்தியது. முதலாளிமாரே, அந்த நாற்காலியை முதலில் போடுங்கள்!